ஒழுகும் இடம் ஒன்று, ஓட்டை வேறு இடம்



'தண்ணீர்க் கஷ்டம்' என்றாலே நம் தருமபுரி மாவட்டத்தைத்தான் கை காட்டுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, காருக்குள் தண்ணீர் ஒழுகுவதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறானே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் படியுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. நம் அரூரில் 30 செ.மீ.க்கு மேல். வருஷம் முழுக்கப் பெய்ய வேண்டியதில் பெரும்பங்கு ஒரே நாளில் வந்தால் வீடும் ஒழுகும், வண்டியும் ஒழுகும். அந்த மழைக்குப் பிறகுதான் எங்கள் மொரப்பூர்ப் பட்டறைப் பக்கம் 'மேட்டெல்லாம் ஈரமா இருக்குது' என்று சொல்லிக்கொண்டு வருகிற பழைய கார்கள் அதிகமாயின.

நான் சொல்ல வந்த கருத்து ஒன்றே ஒன்றுதான். கசிவை அடைப்பது ரிப்பேர் ஆகாது. கசிவு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் ரிப்பேர். அடைப்பது அதற்குப் பின்னால் வருகிற அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் நம் தொழிலில் இன்று நடப்பது தலைகீழ். தண்ணீர் சொட்டுகிற இடத்தைப் பார்த்து ஒரு டியூப் சிலிக்கானைப் பிதுக்கி, விரலால் தடவி, 'போங்க சார், இனி வராது' என்று அனுப்பிவிடுகிறோம். அடுத்த மழையில் வண்டி திரும்பி வரும். வராவிட்டால் இன்னும் மோசம். வேறு பட்டறைக்குப் போய்விட்டது என்று அர்த்தம்!

கார் தண்ணீரைத் தடுப்பதில்லை

இதைக் கேட்டால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். எந்தக் காரும் தண்ணீரை முழுசாக வெளியே நிறுத்துகிற மாதிரி செய்யப்படவில்லை. உள்ளே வருகிற தண்ணீரை ஒழுங்காக வழியனுப்பி வைக்கிற மாதிரிதான் செய்யப்பட்டிருக்கிறது.

கதவை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அதைத் தாண்டி மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். இறங்கின தண்ணீர் கதவின் அடியில் இருக்கிற சின்னச் சின்னத் துளைகள் வழியாக வெளியே போய்விடும். கதவின் உட்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருப்பார்கள். அது அழகுக்காக அல்ல, அந்தத் தண்ணீர் சீட்டுப் பக்கம் வராமல் இருப்பதற்காக. ஸ்பீக்கர் மாட்டுகிறேன் என்று ஷீட்டைக் கிழித்துத் தூர எறிந்தால் அடுத்த மழைக்குத் தரை நனையும். அடித் துளைகளை 'ஓட்டை' என்று நினைத்து அடைத்தாலோ கதவு ஒரு தொட்டியாகி, அடிவிளிம்பு துருப்பிடித்து உதிரும்.

முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கிற இடமும் அப்படித்தான். அங்கே சல்லடை மாதிரி ஒரு கிரில் இருக்கும். அதன் அடியில் ஒரு பெட்டி. மழை அந்தப் பெட்டிக்குள் விழுந்து, ஓரத்தில் உள்ள வடிகால் வழியாகக் கீழே தரைக்குப் போக வேண்டும். காருக்குள் காற்றுத் தள்ளுகிற புளோயர், வெளிக்காற்றை எடுப்பதும் அதே பெட்டியிலிருந்துதான். வடிகால் அடைத்துக்கொண்டால் பெட்டியில் தண்ணீர் தேங்கும். தேங்கின தண்ணீர் காற்று போகிற வழியிலேயே உள்ளே குதிக்கும்.

ஆக, தண்ணீர் உள்ளே வந்தால் நாம் கேட்க வேண்டிய கேள்வி 'எங்கே ஓட்டை?' என்பது மட்டுமல்ல. 'எந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது?' என்பதும்தான்.

மொரப்பூரில் நான் பார்த்தது

எங்கள் தாய்மாமா மொரப்பூரில் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஏழாவது வரைக்கும்தான் படித்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அவரோடு வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டி உள்ளே வந்த முதல் ஆள் நான்தான் என்பதால் மாமா எதற்கெடுத்தாலும், 'எனக்கு எங்கன்னு தெரியும்டா மாப்ள, ஏன்னு நீ சொல்லு' என்பார்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு தாத்தா, 2004-ஆம் வருஷத்து மாருதி 800 ஒன்றைக் கொண்டுவந்தார். வாரம் தவறாமல் அந்தப் பாட்டியைத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக அவருக்கு அந்த வண்டிதான் கால். முன்பக்கம் இடது சீட்டின் கீழே எப்பவும் ஈரம். கார்பெட்டில் இருந்து புழுங்கல் நாற்றம். பாட்டிக்கு ஏற்கெனவே இளைப்பு. கதவைத் திறந்ததுமே தும்மலும் இருமலும். ஈரத்தில் பூஞ்சை பிடித்தால் இளைப்பு உள்ளவர்களுக்கு ஆகாது என்பது நமக்கும் தெரிந்ததுதானே.

அதற்கு முன்னால் இரண்டு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருக்கிறார். இரண்டு இடத்திலும் முன் கண்ணாடி ரப்பரைச் சுற்றிச் சிலிக்கான் பூசி, ஒருத்தர் 1,800 ரூபாயும் இன்னொருத்தர் 2,500 ரூபாயும் வாங்கியிருக்கிறார்கள். ஒழுகல் நிற்கவில்லை.

மாமா பானட்டைக்கூடத் தூக்கவில்லை. நேராகப் பாட்டியிடம் போனார். 'அம்மா, அந்த சீட்டுல நீங்கதான உக்கார்றீங்க? தண்ணி எப்ப வருது, சொல்லுங்க' என்றார்.

'மழை பேயும்போது ஒண்ணும் இல்லப்பா. மழை விட்டப்புறம் வண்டி எடுத்து, வலது பக்கம் திரும்புனா மட்டும் காலு மேல சொளுக்குன்னு ஊத்துது' என்றார் பாட்டி.

இந்த ஒரு வாக்கியத்தை முன்னால் பார்த்த இரண்டு பேரும் கேட்கவே இல்லை. அவர்கள் தாத்தாவிடம்தான் பேசியிருக்கிறார்கள். நனைந்தது பாட்டியின் கால்!

மாமா என்னைப் பார்த்தார். 'ஏன்டா மாப்ள?' என்றார். முதலாம் ஆண்டு பிசிக்ஸ் கை கொடுத்தது. வண்டி வலது பக்கம் திரும்பினால், உள்ளே தேங்கி நிற்கிற தண்ணீர் நேராகவே போகப் பார்க்கும். அதனால் இடது பக்கம் ஒதுங்கி எழும்பும். அப்படியானால் தண்ணீர் எங்கேயோ தேங்கி நிற்கிறது. கண்ணாடி ரப்பரில் கசிவு இருந்தால் மழை பெய்கிறபோதே சொட்டியிருக்கும், திரும்புகிறவரை காத்திருக்காது. முன்பக்கத்தில் தண்ணீர் தேங்குகிற மாதிரி இருக்கிற இடம் வைப்பர் கிரில்லுக்குக் கீழே உள்ள பெட்டிதான்.

கிரில்லைக் கழற்றினோம். உள்ளே முழுக்கப் புளிய இலை! தாத்தா வீட்டு வாசலில் புளியமரத்தடியில்தான் வண்டி நிற்கும். மாவிலையாக இருந்தால் கிரில்லுக்கு மேலேயே நின்றுவிடும். புளிய இலை பொடிசு, சல்லடையில் நுழைந்து உள்ளே விழுந்து, அழுகி, களிமண் மாதிரி வடிகாலை அடைத்துவிட்டது. இரண்டு கை நிறைய அள்ளிப் போட்டோம். ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் சக்கரத்துப் பக்கம் குடுகுடுவென்று ஓடியது.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிற இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மாமா, 'இருடா, தண்ணி அடிச்சுப் பாத்துட்டுதான் கார்பெட்டைப் போடணும்' என்றார். கார்பெட்டை எடுத்துவிட்டு வெறும் தகட்டின் மேல் தினசரித் தாளைத் துண்டு துண்டாகப் பரப்பி, ஓஸ் பைப்பில் பத்து நிமிஷம் தண்ணீர் விட்டோம். இடது பக்கம் காய்ந்தே இருந்தது. வலது பக்கம் கிளட்ச் பெடலுக்கு மேலே ஒரு தாள் நனைந்தது! எப்போதோ யாரோ பனிவிளக்கு மாட்ட, இன்ஜினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் உள்ள தகட்டில் ஒரு துளை போட்டு, ரப்பர் குரோமெட் இல்லாமல் ஒயரை உள்ளே இழுத்திருக்கிறார்கள். தண்ணீர் அந்த ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே நடந்து வந்திருக்கிறது.

பத்து ரூபாய் குரோமெட் ஒன்று போட்டோம். வெளிப்பக்கம் ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட்டுப் பிறகு மேலே ஏற்றி உள்ளே நுழைத்தோம். தண்ணீர் வளைவின் அடியிலேயே சொட்டிவிடும். நம் வீடுகளில் கம்பத்திலிருந்து வருகிற சர்வீஸ் ஒயரை பைப்புக்குள் விடுவதற்கு முன் கீழே தொங்கவிட்டு ஏற்றுகிறார்களே, அதே தத்துவம்தான். நாம் தினமும் பார்க்கிறோம், ஆனால் காரில் நினைவு வருவதில்லை.

தேடுகிற முறை

இனி உங்களுக்கு உபயோகமாக இருக்கும் என்று மாமாவிடம் கற்றதையும் புத்தகத்தில் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில், வந்தது என்ன தண்ணீர் என்று பாருங்கள். மழையே இல்லாமல், ஏசி போட்டு ஓட்டின நாளில் மட்டும் ஈரம் என்றால் அது ஏசியின் கூலிங் காயிலில் வேர்த்த தண்ணீர். அது வெளியே போகிற டியூப் அடைத்திருக்கும். தொட்டால் பிசுபிசுப்பு, லேசாக இனிப்பு வாசனை, முன் கண்ணாடியில் உள்ளே ஒரு மங்கல் என்றால் ஹீட்டரிலிருந்து வருகிற கூலண்ட். இதற்கும் சிலிக்கானுக்கும் சம்பந்தமே இல்லை. ரேடியேட்டர் தண்ணீர் குறைந்து இன்ஜின் சூடாகிவிடும், உடனே பார்க்க வேண்டும். மழை நின்ற பிறகும், ஈர ரோட்டில் ஓட்டினால் மட்டும் நனைகிறது என்றால் தரைத் தகட்டில் உள்ள ரப்பர் மூடிகளையும் சக்கரத்து மேல் இணைப்புகளையும் பாருங்கள்.

இரண்டாவது, உள்ளே காய வையுங்கள். சொதசொதவென்று இருக்கிற கார்பெட்டை வைத்துக்கொண்டு கசிவைத் தேட முடியாது. மேட், கார்பெட், அதன் அடியில் இருக்கிற பஞ்சு எல்லாவற்றையும் எடுத்து வெயிலில் போடுங்கள். நம் ஊரில் வெயிலுக்கா பஞ்சம்? இரண்டு நாள் போதும்.

மூன்றாவது, இரண்டு பேர் வேண்டும். ஒருத்தர் டார்ச் லைட்டோடு உள்ளே. ஒருத்தர் ஓஸ் பைப்போடு வெளியே. தண்ணீரைக் கீழிருந்து மேலே கொண்டுபோக வேண்டும். எடுத்த எடுப்பில் கூரையில் ஊற்றினால் அது எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எந்த இடம் குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிஷமாவது விட்டுப் பாருங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் கன் வேண்டாம். மழை நுழையாத இடத்திலும் அது தண்ணீரைத் திணித்துவிடும். சந்தேகமான வழியில் சாக்பீஸ் பொடியைத் தூவி வைத்தால் தண்ணீர் போன தடம் கோடாகத் தெரியும்.

நான்காவது, கதவு ரப்பருக்கு ஒரு எளிய சோதனை. ஒரு ரூபாய் நோட்டு அகலத்துக்குக் காகிதம் வெட்டி, கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுக்கம் இருக்க வேண்டும். ஒரு இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே ரப்பர் அமுங்கிப்போயிருக்கிறது, அல்லது கதவே இறங்கியிருக்கிறது. கீலைச் சரி செய்தால் தீருகிற கேஸுக்கு ரப்பர் வாங்கி மாட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

ஐந்தாவது, ஒன்று கிடைத்ததும் நிறுத்தாதீர்கள். சரி செய்தபின் மறுபடியும் தண்ணீர் விட்டுப் பார்க்காத வேலை, முடிந்த வேலை இல்லை.

பிறகு பூசுவது. பழைய தட்டு இணைப்பில் விரிசல் என்றால் துருவைச் சுரண்டி, பிரைமர் அடித்து, காய்ந்தபின் அதற்கென்று உள்ள சீலர் வைக்க வேண்டும். துருவின் மேலேயே பூசினால் உள்ளே அது பாட்டுக்கு அரித்துக்கொண்டிருக்கும். பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கிற, புளிப்பு வாசனை அடிக்கிற சிலிக்கான் இருக்கிறதே, அது காயும்போது அசெட்டிக் அமிலம் வெளியே விடுகிறது. வெறும் இரும்புத் தகட்டில் அதைப் பூசினால் துருவுக்கு நாமே விருந்து வைத்த மாதிரி. தாத்தாவின் வண்டியில் யாரோ பூசின சிலிக்கானைச் சுரண்டி எடுக்க எங்களுக்கு அரை நாள் ஆனது. அசல் கசிவைச் சரி செய்ய ஆன நேரம் அரை மணி!

பெரியவர்களும் ஏமாந்த இடம்

'இதெல்லாம் பட்டறை வேலை, பெரிய இன்ஜினியரிங் இல்லை' என்று நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு சரித்திரம். 1959-இல் இங்கிலாந்தின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 'மினி' காரை வெளியிட்டது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். உலகமே கொண்டாடிய வடிவமைப்பு. ஆனால் ஆரம்பத்தில் வந்த கார்களில் மழையில் ஓட்டினால் தரை நனைந்தது. தரைத் தகடுகள் ஒன்றின்மேல் ஒன்று படிகிற இணைப்பு தப்பான திசையில் இருந்ததால், சக்கரம் வாரி அடிக்கிற தண்ணீரை அது உள்ளே ஏந்திக்கொண்டது. கூரையில் ஓட்டைத் தலைகீழாக அடுக்கின மாதிரி! பிறகு அந்த இணைப்பையே மாற்றி அமைத்தார்கள். நம் அம்பாசடரின் தாய் வண்டியான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸைச் செய்ததும் அதே கார்ப்பரேஷன்தான். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே தண்ணீர் பாடம் நடத்தியிருக்கிறது. நாம் எம்மாத்திரம்?

யார் வண்டி இது?

உத்தரபாராவில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800-உம் 2014 ஜனவரியோடு நின்றது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கின்றன. யாரிடம்? புது வண்டி வாங்க முடியாதவர்களிடம். 2022 ஏப்ரலில் இருந்து 15 வருஷம் தாண்டின காரின் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. அதையும் கட்டி வைத்திருக்கிறார்கள் என்றால் ஆசைக்காக அல்ல, தேவைக்காக. காரின் தரைத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. ஈரப் பஞ்சு அதன்மேல் மாசக்கணக்கில் கிடந்தால் சீட்டும் பெல்ட்டும் மாட்டியிருக்கிற இடமே பலவீனமாகும். ஒரு விபத்தில் பெல்ட் பிடிக்குமா பிடிக்காதா என்பது அந்தத் தகட்டைப் பொறுத்தது. தாத்தாவின் வண்டியில் மேல்துரு மட்டும்தான் இருந்தது. கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு அடித்துக் காப்பாற்றிவிட்டோம். இன்னும் இரண்டு மழைக்காலம் போயிருந்தால் வெல்டிங்தான்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி இருக்கிறது. நான் மாமாவிடமே கேட்டேன், 'ஏன் மாமா மத்தவங்க தேடிப் பாக்க மாட்டேங்குறாங்க?' என்று. அவர் சொன்னார்: 'பூசுறதுக்குக் கூலி கேட்டா குடுப்பாங்கடா. தேடுறதுக்குக் கூலி கேட்டா யாரு குடுப்பா? அவனும் வாடகை கட்டணும்ல?'

உண்மைதான். பட்டறைக்காரரை மட்டும் திட்டுவது சரியில்லை. கண்ணுக்குத் தெரிகிற பசைக்குக் காசு கொடுக்கிற நாம், கண்ணுக்குத் தெரியாத யோசனைக்குக் கொடுப்பதில்லை. அதனால்தான் தாத்தாவின் பில்லை எழுதும்போது, 'தண்ணீர் வந்த வழி கண்டுபிடித்த கூலி ரூ.500' என்று தனி வரியாகவே எழுதினேன். தாத்தா கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, 'இது என்ன புதுசா இருக்குது?' என்றார். மாமா ஒரு தட்டில் வைத்திருந்த புளிய இலைச் சகதியைக் காட்டினார். தாத்தா ஒன்றும் பேசாமல் எண்ணிக் கொடுத்தார். முன்னால் கொடுத்த 4,300 ரூபாய் அவருக்கு நினைவு வந்திருக்கும். தேடுகிற வேலைக்கும் கூலி உண்டு என்பதைச் சொல்லிப் பழக்க வேண்டியது படித்துவிட்டு இந்தத் தொழிலுக்குள் வருகிற நம் கடமை.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஒர்க்‌ஷாப்பில் என்ன செய்கிறோம்? கழற்றுகிறோம், மாட்டுகிறோம், படம் வரைகிறோம், மார்க் வாங்குகிறோம். எல்லாம் விடை தெரிந்த கணக்கு. ஆனால் வெளியே வருகிற வண்டி, 'நான் இந்தப் பாடத்திலிருந்து வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே மாணவர் சங்கத்தின் சார்பில் ஒரு பழைய காரை, ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கேட்டு வாங்கி ஷெட்டில் நிறுத்த வேண்டும் என்பது என் தாழ்மையான யோசனை. மாதம் ஒரு சனிக்கிழமை, ஒரு குழு அதில் ஒரு கோளாறை ஒளித்து வைக்கட்டும். வடிகாலில் இலையை அடைக்கலாம், ஒரு குரோமெட்டைக் கழற்றலாம். இன்னொரு குழு கண்டுபிடிக்கட்டும். எங்கே தேடினோம், எதனால் இல்லை என்று தெரிந்தது, எப்படிக் கண்டோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்போம். ஒரு பைசா செலவில்லை, ஒரு ஓஸ் பைப் போதும்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். 'நீ படிச்சு என்னடா செய்யப் போற?' என்று யாராவது கேட்டால் நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். பசை தடவ டிப்ளமோ வேண்டியதில்லை. எங்கே என்று அனுபவசாலிகளுக்குத் தெரியும். ஏன் என்று சொல்லத்தான் நம்மைப் படிக்க அனுப்பியிருக்கிறார்கள். அந்த 'ஏன்' நம்மிடம் இல்லையென்றால் நாமும் இன்னொரு டியூப் சிலிக்கான்தான்!

— இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன், மொரப்பூர்